வாக்கு என்னும் சொல்: கெடாத் தோட்டங்களும் கட்சிப் பற்றும்



மொழிக்கென அமைந்த மேடையில் தேர்தலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் தலைப்பைத் தெரிவித்த நாளிலேயே எனக்கு எழுந்தது. உங்களுள் சிலருக்கும் அது இருக்கலாம். எக்கட்சிக்கும் ஆதரவு திரட்ட நான் வரவில்லை. ஒரு சொல்லின் பொருளை ஆராயவே வந்துள்ளேன்; அந்தச் சொல் நம் மாநிலத்துத் தமிழர் வாழ்வில் எழுபது ஆண்டுகளாக என்ன பாடுபட்டது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

'வாக்கு' என்பதற்குத் தமிழில் முதற்பொருள் சொல், பேச்சு என்பதே. 'வாக்குக் கொடுத்தான்' என்றால் உறுதி கூறினான் என்று பொருள். 'வாக்குத் தவறினான்' என்றால் அதைவிடப் பெரிய பழி கிராமத்தில் இல்லை. தேர்தல் முறை நம்மிடையே வந்தபோது, பேச்சு வழக்கில் 'ஓட்டு' என்ற ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட்டது; ஏட்டிலும் மேடையிலும் 'வாக்கு' வந்து அமர்ந்தது. இதனால் 'வாக்களித்தல்' என்னும் ஒரே வினை, உறுதி கூறுதல், தேர்தலில் தெரிவு செய்தல் ஆகிய இரண்டையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலச் சொல்லின் வேரும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. அதன் இலத்தீன் மூலத்திற்கு நேர்த்திக்கடன் என்றே பொருள். மலாய் மொழியின் 'உண்டி' வேறு வழியில் வந்தது. அது சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வதையும் குறிக்கும். (அச்சொல்லை முதன்முதலாகக் கேட்கும் நம் பிள்ளைகள் உணவை நினைத்துச் சிரிப்பது தனிக்கதை.)

சொல்லாராய்ச்சியில் இவ்வளவு நேரம் செலவிடுவதற்குக் காரணம் உண்டு. கெடாத் தோட்டப்புறத் தமிழர், தேர்தல் சீட்டை நெடுங்காலம் தெரிவாகக் கருதவில்லை. கொடுத்த சொல்லாகவே கருதினர். 'கட்சி விசுவாசம்' என்று நாளேடுகள் எழுதியது அதைத்தான். அந்தச் சொல் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது, எப்போது திரும்பப் பெறப்பட்டது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கெடா என்றதும் நாட்டினர் நினைப்பது வடக்கிலுள்ள நெல்வயல்களை. அலோர்ஸ்டாரைச் சுற்றிய அந்தச் சமவெளியில் அம்னோவும் பாஸ் கட்சியும் தலைமுறை தலைமுறையாக மோதிவந்துள்ளன. தமிழர் வந்து குடியேறியது பெரும்பாலும் தெற்கில். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் ஆகிய ஊர்களைச் சுற்றிய பால்மரக் காடுகளில். மாநில மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். சட்டமன்றத் தொகுதிகள் 36, நாடாளுமன்றத் தொகுதிகள் 15. இவற்றுள் ஒன்றில்கூட இந்தியர் பெரும்பான்மையினர் அல்லர். இந்த ஒரு செய்தியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் பலவும் எளிதில் விளங்கும். கெடாவில் தமிழர் எவரும் தமிழர் வாக்கினால் மட்டும் வெற்றி பெற்றதில்லை.

தோட்டத் தமிழர் இயல்பாகவே அடங்கிப்போகும் மக்கள், ஆளும் தரப்பை விட்டு விலகாதவர்கள் என்னும் கருத்து நம்மவரிடையேயும் உண்டு. இது வரலாற்றுக்கு ஒவ்வாதது. போருக்குப் பின் 1946இல் பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அதன் முதற்கோரிக்கை. கூலியும் மரியாதையும் அதனைத் தொடர்ந்து வந்தன. 1947ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பீடோங்கில் கலவரம் மூண்டது. பலர் சிறைப்பட்டனர். மறு ஆண்டு சூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் அவ்வியக்கத்திற்கு மூச்சுவிட இடமில்லாமற்போயிற்று. அதற்குப் பின் வந்த அமைதி இயல்பினால் வந்ததன்று, அடக்குமுறையினால் வந்தது. அந்த அமைதியின் மீதே பிற்காலத்துக் கட்சி விசுவாசம் கட்டி எழுப்பப்பட்டது.

1955இல் மலாயாவின் முதற்பொதுத்தேர்தல் நடந்தது. வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. தோட்டத்தில் உழைத்தவருள் பெரும்பாலோர் குடிமக்களாகவே கருதப்படாத காலம் அது. கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. அதில் ஓர் உறுப்பாக இருந்த ம.இ.காவின் தலைமையை அதே ஆண்டில் வி.தி.சம்பந்தன் ஏற்றார். அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அவர் தலைவராக இருந்தார். கூட்டணியின் சின்னம் பாய்மரக் கப்பல். கப்பலேறி வந்த மக்களுக்குக் கப்பல் சின்னம் காட்டப்பட்டது தற்செயலே ஆயினும், அதன் ஈர்ப்பு தற்செயலானதாக இருந்திருக்க முடியாது.

விசுவாசம் வெறும் பேச்சினால் விளையவில்லை. ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். லயன் வீடும் வேலையும் கோயிலும் பள்ளியும் ஒரே நாளில் கைவிட்டுப்போகும் நிலை. அப்போது, 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளரே தோட்டத்தின் பங்காளராகலாம் என்று சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். ஆண்டு 1961. பால் வெட்டிய கை பங்குச் சீட்டைப் பிடித்தது. இதனை நேரில் கண்ட தலைமுறை கட்சிக்கு அளித்த வாக்கைச் செஞ்சோற்றுக் கடனாக எண்ணியதில் வியப்பில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற நிலை வந்து, பல்லாயிரவர் தமிழகத்திற்குக் கப்பலேறியபோது, நீல அடையாள அட்டை உயிர்நாடி ஆயிற்று. அதற்கான படிவத்தை நிரப்பித் தந்தவர் யாரோ, அவர் காட்டிய சின்னத்திற்குக் குடும்பமே வாக்களித்தது.

நன்றியோடு அச்சமும் கலந்திருந்தது. இதை மறைத்துப் பேசுவது முறையாகாது. தோட்டம் என்பது ஒரு மூடிய ஊர். தண்டல், கிராணி, தொழிற்சங்கத் தலைவர், கோயில் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர் என்று ஐந்தாறு பேர். அவர்களுள் பாதிப் பேர் ம.இ.கா. கிளைப் பொறுப்பாளர்கள். தேர்தல் நாளன்று வண்டி வரும், பொட்டலச் சோறு வரும், எந்தப் பெட்டியில் கோடிட வேண்டும் என்ற நினைவூட்டலும் வரும். 1974 முதல் தேசிய முன்னணியின் சின்னம் தராசு ஆனது. பால் கொட்டகையில் அன்றாடம் தம் உழைப்பை நிறுத்துப் பார்த்து ஏமாந்தவர்களுக்கும் ஏமாறாதவர்களுக்கும் தராசு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதனைக் கவனிப்பதில்லை. 1990ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் வாக்குகள் அந்தந்த வாக்களிப்பு மையத்திலேயே எண்ணப்படுகின்றன. அதற்கு முன்பு பெட்டிகள் ஓரிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு எண்ணப்பட்டன. மையத்திலேயே எண்ணினால் முறைகேடு குறையும் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியே வாக்களிப்பு மையமாக இருக்கும்போது, எண்ணி முடித்துக் கையொப்பமிடும் போராங் 14 என்னும் படிவம் அத்தோட்டத்தின் மனத்தை அப்படியே காட்டிவிடுகிறது. எந்தத் தனி மனிதர் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரியாது. தோட்டம் யாருக்கு வாக்களித்தது என்பது தெரியும். ஒரு மையத்திற்குள்ளும் வாக்காளர் வயது வரிசைப்படி 'சாலுரான்' எனப்படும் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். ஆகவே முதியோர் எப்பக்கம், இளையோர் எப்பக்கம் என்பதும் கட்சிக்காரருக்குத் தெரியும். சாலை செப்பனிடப்படவில்லை, கோயிலுக்கு மானியம் வரவில்லை என்றால், அந்தப் படிவத்தை நினைத்துப் பார்க்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. சொல்லைக் காப்பாற்றினோமா என்று ஊரே சோதிக்கப்பட்டது.

இனி லூனாசுக்கு வருகிறேன். இத்தொகுதி ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் நம் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

1999ஆம் ஆண்டுத் தேர்தலில், அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கத்தினால் எழுந்த மலாய்க்காரர் சினம் கெடாவை உலுக்கியது. மாநிலத்தின் 15 நாடாளுமன்ற இடங்களில் எட்டைப் பாஸ் வென்றது. சட்டமன்றத்தில் தேசிய முன்னணிக்கு 24, பாஸ் கட்சிக்கு 12. முன்னணி மூன்றில் இரண்டு பங்கைச் சரியாகத் தொட்டு நின்றதற்குச் சீனர், தமிழர் வாக்குகளே பெருங்காரணம். தெற்கின் கலப்பு இனத் தொகுதிகள் கைகொடுத்தன. லூனாசில் ம.இ.காவின் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் வென்றார். மறு ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், 29ஆம் நாளே இடைத்தேர்தல் வந்தது.

முன்னணியின் வேட்பாளர் ம.இ.காவைச் சேர்ந்த அந்தோணிசாமி. எதிர்த்து நின்றவர் கெஅடிலான் கட்சியின் சைபுடின் நசுத்தியோன். அவர் மலாய்க்காரர். ம.இ.காவின் இடம் என்று காலங்காலமாக ஒதுக்கப்பட்டிருந்த தொகுதியில் மலாய்க்காரர் ஒருவரை நிறுத்துவதா என்று எதிர்க்கட்சிகளுக்குள்ளேயே மனத்தாங்கல் இருந்தது. வாக்காளருள் இந்தியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். எஞ்சியோர் மலாய்க்காரரும் சீனரும். 'வாவாசான்' பள்ளித் திட்டத்தினால் சீனர் மனம் புண்பட்டிருந்தது. வாக்களிப்பு நாளன்று வெளியிலிருந்து ஆட்களை ஏற்றிவந்ததாகப் பேருந்துகளை மக்கள் வழிமறித்தனர். முடிவில் கெஅடிலான் 530 வாக்குகள் வேறுபாட்டில் வென்றது. ஓர் இடம் போனதும் முன்னணியின் எண்ணிக்கை 23 ஆகி, மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பறிபோயிற்று.

இந்த 530இல் தமிழர் வாக்கு எத்தனை என்று அன்றே கணக்குப் போட்டவர்கள் உண்டு. அக்கணக்குகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. சீனர் வாக்கே முதன்மையாகத் திரும்பியது என்பதில் பெரும்பாலோர் உடன்படுவர். ஆனால் ஒன்று நடந்தது. 'நம் இடம்' என்பது நம் வாக்கினால் மட்டும் நிற்கும் இடமன்று என்பது லூனாசில் வெட்ட வெளிச்சமாயிற்று. பிறர் தயவினால் கிடைத்த இடத்தை நாம் நம் வலிமை என்று எண்ணியிருந்தோம். 2004இல் லூனாஸ் மீண்டும் தராசின் பக்கம் சென்றது; மாநிலத்தில் முன்னணி 31 இடங்களை அள்ளியது. பழைய விசுவாசம் மீண்டுவிட்டது என்று கட்சியினர் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சியின்போதே தோட்டங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் சுங்கை பட்டாணியின் மலிவு வீடுகளிலும் அடுக்ககங்களிலும் குடியேறினர். தண்டலும் கிராணியும் அங்கே இல்லை. சங்கத் தலைவர் எங்கோ ஒரு தாமானில் வாடகைக்கு இருந்தார். மாதச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துத் தந்த அலுவலகம் இல்லை. வாக்குக் கொடுத்து வாங்கிய உறவு முழுவதும் அந்த ஊரோடு இருந்தது. ஊர் கலைந்தபோது வாக்கு மட்டும் எப்படி நிற்கும்? 2001இல் பீடோங்கை அடுத்த செமிலிங்கில் ம.இ.கா. முயற்சியால் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உருவானது. அது பெரும்பணிதான். ஆயினும் அதன் கட்டடங்களைத் தொலைவிலிருந்து பார்த்த கூலித் தொழிலாளிக்கு, 1961இல் அவர் பாட்டனார் கையில் இருந்த பங்குச் சீட்டைப்போல் அது தோன்றவில்லை.

2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி. டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். 2008 மார்ச்சு 8ஆம் நாள் தேர்தல். நாடு முழுவதும் ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்ற இடங்களில் மூன்றை மட்டுமே வென்றது. கெடாவில் முன்னணி 36இல் 14 இடங்களோடு எதிரணியில் அமர்ந்தது. பாஸ் கட்சியின் அசிசான் அப்துல் ரசாக் மந்திரி புசார் ஆனார். லூனாசும் கண் சின்னத்திற்குப் போனது. பாடாங் செராய் நாடாளுமன்றத் தொகுதியில் கெஅடிலானின் கோபாலகிருஷ்ணன் வென்றார். புக்கிட் செலம்பாவில் வி.ஆறுமுகம் சுயேச்சையாக நின்று வென்று, பின் கெஅடிலானில் சேர்ந்து ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார்.

இதைத் துரோகம் என்றவர்களும் விடுதலை என்றவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஏற்பதில்லை. நிலாவுக்கும் கண்ணுக்கும் வாக்களித்த தமிழர் பலர் அக்கட்சிகளின் கொள்கையைப் படித்து வாக்களித்தவர் அல்லர். பழைய உறவு முறிந்தது என்பதை ஒரே நாளில், ஒரே குரலில் அறிவித்தனர். தோட்டமாக வாக்களித்த மக்கள், தோட்டம் இல்லாதபோதும் தோட்டமாகவே வாக்களித்தனர். சின்னம் மாறியது. வாக்களிக்கும் முறை மாறவில்லை. 'மக்கள் சக்தி' என்னும் முழக்கம் கோயில் வாசலிலும் உணவுக் கடையிலும் பரவியவிதம், 1947இல் தொண்டர் படை பரவியவிதத்தையே எனக்கு நினைவூட்டுகிறது. படிப்பறிவு குறைந்த மக்களிடையே நேர்ந்ததென்று யாரும் எளிதாக ஒதுக்க வேண்டா. வழக்குரைஞர்களும் ஆசிரியர்களும் அன்று அப்படித்தான் வாக்களித்தனர்.

அந்த ஒருமுகம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2009 பிப்ரவரியில் ஆறுமுகம் பதவி விலகினார். ஏப்ரல் 7ஆம் நாள் நடந்த புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை பதினைந்து! அவர்களுள் பதின்மூவர் சுயேச்சைகள். தொகுதியில் மலாய்க்காரர் ஏறத்தாழப் பாதி, இந்தியர் முப்பது விழுக்காட்டை ஒட்டியவர். கெடாவில் தமிழர் இவ்வளவு செறிந்து வாழும் சட்டமன்றத் தொகுதி அரிது. நமக்கு ஓர் இடம் உண்டு என்றதும் அதில் உட்கார எத்தனை பேர் முன்வந்தோம் என்பதை அந்த நீண்ட வாக்குச்சீட்டு காட்டியது. கெஅடிலானின் மணிக்குமார், ம.இ.காவின் கணேசனை 2,403 வாக்குகளில் வென்றார். சுயேச்சைகளுக்கு விழுந்தவை மிகச் சொற்பம். வாக்காளர் தெளிவாக இருந்தனர், தலைவராக விரும்பியவர்கள்தாம் தெளிவாக இல்லை.

2013இல் முக்ரிஸ் மகாதீர் தலைமையில் முன்னணி 21 இடங்களோடு மாநிலத்தை மீட்டது. 2018இல் அதே முக்ரிஸ், பக்காத்தான் ஹராப்பானின் தலைவராக 18 இடங்களோடு மீண்டும் மந்திரி புசார் ஆனார். பாஸ் கட்சிக்கு 15, முன்னணிக்கு வெறும் மூன்று. கட்சியை மாற்றிக்கொள்வது தலைவர்களுக்கு எவ்வளவு எளிதாயிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டா. இக்காலம் முழுவதும் தெற்கின் தமிழ் வாக்காளர் கண் சின்னத்தோடு நின்றனர். பாடாங் செராயில் கோபாலகிருஷ்ணனுக்குப் பின் 2013இல் சுரேந்திரன், 2018இல் கருப்பையா என்று மூன்று முறையும் தமிழரே நாடாளுமன்றம் சென்றனர். புக்கிட் செலம்பாவிலும் தமிழரே. பழைய விசுவாசத்தின் இடத்தில் புதிய விசுவாசம் குடியேறியது. தாத்தா தராசுக்கு எப்படி வாக்களித்தாரோ அப்படியே பேரன் கண்ணுக்கு வாக்களித்தான். என்ன ஈடு என்று இருவரும் கேட்கவில்லை. தாத்தாவிற்காவது ஒரு பங்குச் சீட்டு கிடைத்திருந்தது.

2020 மே மாதத்தில் அந்த வாக்கின் விலை தெரிந்தது. கெஅடிலான் சின்னத்தில் வென்ற லூனாஸ் உறுப்பினர் அஸ்மான் நஸ்ருதீனும் சிடாம் உறுப்பினர் ராபர்ட் லிங்கும் கட்சியை விட்டு விலகினர். ஆட்சி கவிழ்ந்தது. பாஸ் கட்சியின் முகமது சனுசி மந்திரி புசார் ஆனார். லூனாஸ் என்னும் பெயர் மீண்டும் ஒரு முறை மாநிலத்தின் தலையெழுத்தை மாற்றியது. இருபது ஆண்டுகளுக்கு முன் வாக்காளர் மாற்றியதை, இம்முறை உறுப்பினரே மாற்றினார். வாக்குத் தவறாமை என்பதை நாம் நம்மிடம் மட்டுமே எதிர்பார்த்தோம். வாக்குப் பெற்றவரிடம் எதிர்பார்க்க மறந்தோம்.

இதற்குப் பின் நடந்தது நமக்கு அண்மையது. 2021 தைப்பூசத்திற்குச் சிறப்பு விடுமுறை இல்லை என்று மாநில அரசு பெருந்தொற்றைக் காரணம் காட்டி அறிவித்தபோது எழுந்த வேதனையை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 19ஆம் நாள் பொதுத்தேர்தல். அதற்கு மூன்று நாள் முன்பு பாடாங் செராய் வேட்பாளர் கருப்பையா காலமானார். அத்தொகுதிக்கு டிசம்பர் 7ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. பக்காத்தான் மலாய்க்காரர் ஒருவரை நிறுத்தியது, ம.இ.காவின் சிவராஜ் அவருக்காகப் போட்டியிலிருந்து ஒதுங்கினார். வென்றவர் பெரிக்காத்தான் வேட்பாளர், 16,260 வாக்குகள் வேறுபாட்டில். அவர் யார்? லூனாசில் கண் சின்னத்தில் வென்று விலகிய அதே அஸ்மான் நஸ்ருதீன்.

2023 ஆகஸ்டு 12இல் நடந்த மாநிலத் தேர்தல் ஒரு வகையில் புதியது. 1964 முதல் கெடாவின் சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் ஒரே நாளில் வாக்களித்து வந்தோம். இரு சீட்டுகளிலும் ஒரே சின்னத்தில் கோடிட்டு வந்தோம். இம்முறை மாநிலத்திற்கென்று தனியே ஒரு நாள் வந்தது. ம.இ.கா. எந்த மாநிலத்திலும் போட்டியிடவில்லை. பெரிக்காத்தான் 36இல் 33 இடங்களை வென்றது. லூனாசும் புக்கிட் செலம்பாவும் அதனுள் அடங்கின. எஞ்சிய மூன்று இடங்களில் பக்காத்தானின் சீன உறுப்பினர்கள் வென்றனர். கடாரம் என்று நாம் பெருமையோடு அழைக்கும் மண்ணின் சட்டமன்றத்தில் தமிழர் ஒருவர்கூட இல்லாமற்போயினர்.

சட்டமன்றத்தில் நம்மவர் ஒருவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. நம் அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். கோயில் நிற்கும் நிலம், இடுகாடு, தமிழ்ப்பள்ளி இடம் மாறும்போது அதற்குரிய மனை, தோட்டத்தை விட்டு வந்தோர் குடியிருக்கும் வரிசை வீடுகளின் பட்டா ஆகிய அனைத்தும் அலோர்ஸ்டாரில் முடிவாகின்றன, புத்ராஜெயாவில் அல்ல. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டபின், நகராண்மைக் கழக உறுப்பினரை நியமிப்பதும் மாநில அரசே. தமிழருக்கு மாநிலத் தேர்தல் சிறிய தேர்தல் என்று தோன்றுவது நம் அறியாமை. தோட்டம் கலைந்த மக்களுக்கு அதுவே பெரிய தேர்தல்.

இலங்கை மலையகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்டது. நம்மினும் கொடிய நிலை. ஆயினும் அம்மக்கள் நுவரெலியாவில் செறிந்து வாழ்கின்றனர். 1989 முதல் அங்கு நாடாளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்கிறது. அவர்களின் தொழிற்சங்கங்களே கட்சிகளாகவும் இயங்கின. ஆகவே கொழும்பில் ஆட்சி அமைப்போர் அவர்களிடம் பேரம் பேச வேண்டியிருந்தது. இங்கோ தொழிற்சங்கம் வேறு, கட்சி வேறு. அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் முறை. தமிழரோ பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றனர். எனவே 'தமிழர் அனைவரும் ஒரே கட்சிக்கு' என்னும் அறிவுரை மலையகத்தில் வலிமை தரலாம். கெடாவில் அது வலிமை தரவில்லை என்பதை 2008க்கு முந்தைய அரை நூற்றாண்டும், 2008க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளும் ஒரேவிதமாகக் காட்டுகின்றன.

நான் சொல்ல வருவது இதுதான். நம் வாக்கைக் கட்சிக்குக் கொடுத்த சொல்லாக எண்ணுவதைக் கைவிட வேண்டியதில்லை; சொல்லைக் கொடுக்கும் முன் எதிர்ச்சொல்லைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை நாம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. தொகுதிக்குத் தொகுதி, எந்தக் கோயிலுக்கு நிலப் பட்டா, எந்தப் பள்ளிக்கு மனை என்று எழுத்தில் கேட்க வேண்டும்; மலாய் வேட்பாளரிடமும் சீன வேட்பாளரிடமும் கேட்க வேண்டும்; பாஸ் கட்சியினரிடமும் கேட்க வேண்டும். பாஸ் வேட்பாளரிடம் தமிழர் சென்று பேசுவதையே இழிவாகக் கருதுவோர் நம்மில் பலர். நான் அதனை ஒப்புவதில்லை. 36 பேரில் 33 பேர் அக்கூட்டணியினராக இருக்கும்போது, பேசாதிருப்பதனால் யாருக்கு இழப்பு? அவர்களோடு நமக்குள்ள கருத்து வேற்றுமைகள் ஆழமானவை; பேச வேண்டிய தேவையும் அதனாலேயே மிகுதி.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கின்றனர். பதிவு செய்யாமலே இறந்துபோன தோட்டத் தொழிலாளர் எத்தனையோ பேர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. சுங்கை பட்டாணி அடுக்ககங்களில் வாழும் அவ்விளைஞர்கள், சின்னம் காட்டித் தரும் தண்டலைக் கண்டதில்லை. கடைசி 'சாலுரானில்' வரிசையாக நிற்கும் அவர்களை எந்தக் கட்சியும் தன் சொத்தாகக் கணக்கிட முடியவில்லை. இது சிலருக்குக் கவலை தருகிறது, எனக்குத் தரவில்லை. ஆனால் அவர்களுள் பலர் 2023இல் வாக்களிக்கவே வரவில்லை என்று கட்சியினர் பலரும் சொல்கின்றனர். அடுத்த மாநிலத் தேர்தலுக்கு முன் அவர்களை இதுபோன்ற ஓர் அவையில் அமரச்செய்து, அவர்கள் சொல்வதை நாம் கேட்க வேண்டும் என்பது இம்மன்றத்திற்கு நான் வைக்கும் வேண்டுகோள். அன்று பேச்சாளர் அவர்களுள் ஒருவராகவே இருக்கட்டும்.